'லா போஹேம்' (1926) திரையிட: வேகமும் இசையும்

கிங் விடோர் இயக்கிய ஊமைப்படம் இது. பாரிஸ் மாடியறைகளில் வாடகைக்குக் காசில்லாமல் தவிக்கும் இளம் கலைஞர்களும், அவர்களில் ஒருவனான ரோடால்ஃபை இரவெல்லாம் தைத்துக் காப்பாற்றும் மிமியும்தான் கதை. மிமியாக லிலியன் கிஷ்.

முதலில் வேகத்தைச் சரிபாருங்கள். அந்தக் காலப் படங்களுக்கு ஒரே வேகம் கிடையாது. விநாடிக்கு 20 ஃப்ரேமில் (தனிப் படங்களில்) ஓட வேண்டியதை 24-இல் விட்டால் எல்லாரும் குடுகுடுவென ஓடுவார்கள், சோகக் காட்சியிலும் சிரிப்பு வரும். நடப்பவர்களின் கால்களைக் கவனியுங்கள். வேகமாகத் தெரிந்தால் பிளேயரில் 0.83 வைத்துப் பாருங்கள் (20-ஐ 24-ஆல் வகுத்தது). அதற்கு முன் ஒரு சோதனை: ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தும்போது ஆறில் ஒன்று அப்படியே திரும்ப வந்தால், பிரதியில் ஏற்கெனவே வேகம் சரிசெய்யப்பட்டிருக்கிறது. மறுபடி குறைத்தால் படம் இழுக்கும்.

படச்சட்டம் 1.33:1. 6 அடி உயரத் திரைக்கு 8 அடி அகலம் போதும். அகலத்திரையில் இருபுறமும் கறுப்பு விழட்டும். திரையை நிரப்பப் பெரிதாக்கினால் தலை வெட்டுப்படும்.

வசன அட்டைகளை (காட்சிகளுக்கு நடுவே எழுத்தாக வருபவை) தமிழில் ஒருவர் வாசிக்கலாம். மொழிபெயர்ப்பைச் சுருக்கமாக எழுதி, அட்டை மறையுமுன் முடிகிறதா என்று படத்தோடு ஒத்திகை பாருங்கள். நடித்து வாசிக்க வேண்டாம். கிஷ் நடிக்கிறார், அது போதும்.

இசையில்தான் பலரும் சறுக்குவார்கள். 1896-இல் அரங்கேறிய, இதே பெயர் கொண்ட புச்சினியின் ஓபரா (பாட்டு நாடகம்) இசைத்தட்டைப் போடத் தோன்றும். போடாதீர்கள். காட்சி வரிசை ஒத்துவராது, பாடும் குரல் அட்டைகளோடு மல்லுக்கு நிற்கும். ஒரு கீபோர்டு, ஒரு வயலின் போதும். படத்தை நிமிடக் கணக்கோடு பார்த்து, எந்த நிமிடத்தில் இசை மாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வாடகை கேட்கும் இடத்துக்கு விளையாட்டான மெட்டு, வனபோஜனத்துக்கு ஆட்டத் தாளம். மிமி தைக்கும் இரவுகளுக்கு ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். சாகும் தறுவாயில் அவள் ஊரைக் கடந்து வரும் காட்சியில் தாளத்தை முடுக்க வேண்டாம். பாதியில் வயலினை நிறுத்திவிடலாம். அவள் மூச்சு அடங்கியதும் பத்து விநாடி ஒன்றுமே வாசிக்காதீர்கள்.

வாசிப்பவர்கள் திரையைப் பார்க்கும்படி பக்கவாட்டில் உட்கார வேண்டும். அவர்கள் விளக்குக்கு மறைப்பு கட்டாயம், வெளிச்சம் திரையில் கசிந்தால் இரவுக் காட்சிகள் வெளுத்துவிடும்.