ஆழாக்கைக் கிராமாக மாற்றுவது எப்படி?

கொங்கு வீடுகளில் அரிசியும் பருப்பும் வள்ளத்திலும் படியிலும் ஆழாக்கிலும் அளக்கப்பட்டவை. 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு கடைகள் கிலோவுக்கு மாறிவிட்டாலும், என் அம்மாயி (அம்மாவின் அம்மா) கொடுத்த பித்தளை ஆழாக்கு இன்றும் எங்கள் அரிசிப் பானைக்குள்தான் இருக்கிறது. ஆழாக்குக் கணக்கில் சொல்லப்பட்ட சமையல் பக்குவங்களைக் கிராமில் எழுதி வைக்க விரும்புவோருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பாத்திரத்தின் கொள்ளளவைக் கண்டறியுங்கள். படியும் ஆழாக்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டவை என்பதால், பிறர் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைச் சுழியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம் என்பதால், தராசு காட்டும் எண்ணே கொள்ளளவு. எங்கள் ஆழாக்கு 168 மில்லி கொண்டது. சமையல் குறிப்புகளில் வரும் கப் பெரும்பாலும் 240 அல்லது 250 மில்லி. மின்சாரக் குக்கருடன் தரும் கப்போ 180 மில்லிதான்.

அடுத்து, பாத்திரத்தை நன்றாகத் துடைத்து, பொருளை நிரப்பி, தலைதட்டி எடை போடுங்கள். எங்கள் ஆழாக்கில் அரிசி 140 கிராம் இருந்தது. 140-ஐ 168-ஆல் வகுத்தால் 0.83 கிடைக்கும், அதாவது, அந்த அரிசியின் ஒரு மில்லி 0.83 கிராம். இந்த எண் கிடைத்துவிட்டால் எந்தக் கப்புக்கும் கணக்குப் போடலாம். 240 மில்லி கப்பில் இரண்டு கப் என்றால் 480-ஐ 0.83-ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 400 கிராம், எங்கள் அளவில் மூன்று ஆழாக்குக்குச் சற்றுக் குறைவு. அரிசியும் பருப்பும் சாதத்துக்கு இந்தத் துல்லியம் போதும்.

நீர்ப் பொருள்கள் எளியவை. ஒரு மில்லிக்கு நெய் 0.91, எண்ணெய் 0.92, பால் 1.03, தேன் 1.4 கிராம் என்று குறித்துக்கொள்ளலாம்.

கவனம் முழுவதும் மாவுக்கும் சர்க்கரைக்கும்தான் வேண்டும். அரிசி மாவையோ ராகி மாவையோ சலித்துத் தூவி நிரப்பினால் ஓர் எடை, அமுக்கி நிரப்பினால் வேறோர் எடை. கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச்சர்க்கரையும் அதன் ஈரத்தையும் நாம் அமுக்கும் அழுத்தத்தையும் பொறுத்து மாறும். ஒரு தீபாவளிக்குக் கச்சாயம் என்ற வெல்லப் பலகாரம் சுட்டபோது, வெல்லத்தைக் கிராமில் நிறுத்துவிட்டு, ஊறவைத்து இடித்த மாவைச் சலித்த கையோடு ஆழாக்கில் அளந்தேன். காற்றுப் புகுந்து பொலபொலவென்றிருந்த மாவு எடையில் குறைந்ததால் வெல்லம் மிஞ்சி, கச்சாயம் எண்ணெயில் பிரிந்து போயிற்று. அன்று வீணான மாவையும் வெல்லத்தையும் நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆகவே மாவை எப்போதும் ஒரே முறையில் நிரப்பி, மூன்று தடவை எடை போட்டுச் சராசரியை எழுதுங்கள். ஈர மாவுக்கும் காய்ந்த மாவுக்கும் தனித்தனி எண் வேண்டும். கச்சாயம், அதிரசம் போன்று பாகு சேரும் பலகாரங்களில் இரண்டு பொருள்களையும் எடையிலேயே எடுப்பதுதான் நல்லது.

கிராமிலிருந்து அளவுக்குத் திரும்ப வேண்டுமானால் பெருக்குவதற்குப் பதிலாக வகுக்க வேண்டும். ஊத்துக்குளி வெண்ணெயைக் காய்ச்சி எடுத்த நெய்யில் 250 கிராம் வேண்டுமென்றால், 250-ஐ 0.91-ஆல் வகுக்க 275 மில்லி வரும்.

மஞ்சள்தூள், உப்பு போன்ற சிறிய அளவுகளை வீட்டுத் தராசு சரியாகக் காட்டாது. 5 மில்லி தேக்கரண்டியால் தலைதட்டிப் பத்து கரண்டி எடுத்து, மொத்தமாக எடை போட்டுப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் இதைத் தனித்தனியே செய்யுங்கள். கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால், அதே கரண்டியில் கல் உப்பின் எடை குறைவாகவே வரும்.