பைனாகுலரில் வலது கண் மட்டும் மங்கியது

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் தாத்தா காலத்து வேட்டைச் சாமான்களில் நமக்கு மிஞ்சியது பைனாகுலர்தான். கம்பத்திலிருந்து குமுளி ஏறி, தேக்கடி படகில் மூன்று தடவை போனேன். கரையில் காட்டுமாடு நிற்கிறது, மச்சான் கொம்பு வளைவு வரைக்கும் சொல்கிறார், என் 8×42 பைனாகுலரில் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) எல்லாம் புகை மூட்டமாக, பத்து நிமிடத்தில் தலைவலி.

ஈரம்தான் என்று நினைத்து அரிசி டப்பாவில் இரண்டு நாள் போட்டுவைத்தேன், வீண். லென்ஸைத் துடைத்தேன். கண்ணாடிக் கடையில் பவரும் பார்த்தாயிற்று, மாறவில்லை.

கடைசியில் பார்த்தால், வலது கண் குழாயில் இருக்கும் டயாப்டர் வளையம் (இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது) பூஜ்ஜியக் கோட்டிலிருந்து வெகுதூரம் விலகிக் கிடந்தது. பையிலிருந்து உருவும்போதெல்லாம் என் பெருவிரல் அதைத்தான் திருகியிருக்கிறது!

வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தால் தெளிவாக்கினேன். பிறகு இடது லென்ஸை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தை வலது கண்ணுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கவேண்டும், ஒன்றை இறுக்கி மூடினால் மற்றதும் சுருங்கி அளவு தப்பிவிடும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் இடத்து ரப்பர் கப்பைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காட்சி ஓரம் வெட்டுப்படும்.

வளையம் நின்ற இடத்தில் நகப்பாலீஷால் ஒரு புள்ளி, மேலே ஒரு சுற்று டேப். நாலாவது படகில் காட்டுமாட்டின் வெள்ளைக் காலுறை வரை தெரிந்தது.