சிலிண்டருக்குள் கடல் நீர்: ஹெட்டைக் கழற்றும் முன்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், பரமக்குடி, மானாமதுரை, சிலைமான் வழியாகப் படகு இன்ஜின்கள் லோடு வண்டிகளில் ஏறி மதுரைக்கு வந்து சேரும். விரகனூர் ரிங் ரோட்டை ஒட்டிய எங்கள் பட்டறையில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பையன்கள் இருவர், முதல் இன்ஜினில் டீசலைத் தெளிக்கும் நாசிலின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பிஸ்டன் தலையில் தண்ணீர் மின்னுவதைக் கண்டவுடன், "அண்ணே, கேஸ்கெட் போயிருச்சு" என்று ஒரே குரலில் சொன்னார்கள். கேஸ்கெட் என்பது சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு. நானும் ஒரு காலத்தில் அதே இடத்தில் நின்று அதையே சொன்னவன் என்பதால்தான், சிலிண்டருக்குள் தண்ணீரைக் கண்டால் நாம் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். நட்டை முறுக்க மறப்பது, வாஷரைத் தொலைப்பது போன்றவற்றை அனுபவமே கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கேஸ்கெட்டின் மேல் பழியைப் போடுவது

நம் பக்கத்து மெக்கானிக்குகளில் பெரும்பாலானோர் டிராக்டரிலும் கிணற்றடி ஆயில் இன்ஜினிலும் கை பழகியவர்கள். அந்த இன்ஜின்களில் தண்ணீர் இருக்கும் இடம் பிளாக்கும் ஹெட்டும் மட்டுமே. ஆகவே சிலிண்டருக்குள் தண்ணீர் வந்தால் கேஸ்கெட், ஹெட், பிஸ்டன் ஓடும் உறையான லைனர் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிப்பது சரியே. ஆனால் பல படகுகளில் புகையைக் குளிர்விப்பதற்காகக் கடல் நீரைப் புகைக்குழாய்க்குள்ளேயே செலுத்துகிறார்கள். அந்த நீர் வெளியேறாமல் திரும்பினால், சைலன்சர் நிரம்பி, சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் மேனிபோல்டு வழியாகத் திறந்திருக்கும் வால்வைத் தாண்டிச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன், பயணிகளை ஏற்றும் படகு ஒன்றின் ஆறு சிலிண்டர் இன்ஜின் எங்களிடம் வந்தது. இரண்டாவது, நான்காவது சிலிண்டர்களில் தண்ணீர் இருந்தது; இடையிலுள்ள மூன்றாவது உலர்ந்து கிடந்தது. நான் யோசிக்கவில்லை. ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்கி (ஃபேசிங்), புதிய கேஸ்கெட் போட்டு அனுப்பினேன். பதினோராம் நாள், இரவு முழுவதும் நங்கூரத்தில் நின்றிருந்த படகைக் காலையில் ஓட்டுநர் ஸ்டார்ட் செய்தபோது, இன்ஜின் 'டக்' என்று ஒரு சத்தத்துடன் நின்றது. அவர் மறுபடியும் செல்ப் அடித்தார். திரும்பி வந்த இன்ஜினில் பிஸ்டன்களை ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து அளந்தபோது, நான்காவது பிஸ்டன் மட்டும் மற்றவற்றைவிட ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. இரண்டாம் முறை ஆன செலவு முழுவதையும் நான் ஏற்க வேண்டியதாயிற்று.

பணத்தைவிட இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது, விடை முதல் நாளே என் கண்ணெதிரில் இருந்தது என்பதுதான். அந்த இன்ஜினின் எரிவரிசை, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை, 1-5-3-6-2-4. ஆறு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும், பெரும்பாலும் இந்த வரிசையில் அடுத்தடுத்து வரும் இரண்டு சிலிண்டர்களில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு ஒரே நேரத்தில் திறந்திருக்கும். இரண்டும் நான்கும் அப்படிப்பட்ட ஜோடி. கேஸ்கெட் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கிழிந்திருந்தால் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் நனைந்திருக்கும். நடுவில் ஒன்றை விட்டு இருபுறமும் ஒரே நாளில் கேஸ்கெட் போவது அபூர்வம். தண்ணீர் புகைக்குழாய் வழியாகத்தான் வந்தது என்று அந்த உலர்ந்த மூன்றாம் சிலிண்டர் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைத் துடைத்து வைத்துவிட்டு ஹெட்டைக் கழற்றப் போனேன்.

வண்டியில் வந்தது இன்ஜின் மட்டும். குற்றவாளி படகிலேயே தங்கிவிட்டான். பின்னர் கரைக்குப் போய்ப் பார்த்தபோது, கடல் நீர் புகைக்குழாயில் சேரும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. அப்படிப்பட்ட அமைப்பில், இன்ஜின் நின்ற பின் கடல் நீர் தானாக இழுபட்டு உள்ளே வராமலிருக்க, குழாயை மேலே வளைத்து உச்சியில் காற்று நுழைய ஒரு சிறு வால்வு வைத்திருப்பார்கள். அந்த வால்வு உப்புக் கட்டி அடைபட்டிருந்தது. கடல் நீர்ப் பம்பில் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தண்ணீரை முழுமையாகத் தடுக்காது. இரவெல்லாம் கசிந்தால் சைலன்சர் நிரம்பிவிடும். அந்த வால்வைக் கழற்றி, வெந்நீரில் ஊற வைத்துக் கழுவ எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

ஆகவே ஹெட்டைத் தொடுமுன், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் இருக்கும் ஹெட்டர் டேங்கின் நீர்மட்டம் குறைந்ததா என்று ஓட்டியவரிடம் கேட்க வேண்டும். பிறகு நாசில்களைக் கழற்றிவிட்டு, டேங்க் மூடியில் குறித்துள்ள அழுத்தத்தைக் கைப்பம்பால் ஏற்றி, ஓரிரவு விட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்காமல், பிஸ்டன் தலைகளும் உலர்ந்தே இருந்தால், கேஸ்கெட்டை விட்டுவிட்டுப் படகைத் தேடிப் போவதே முறை.

செல்ப் அடித்துப் பார்ப்பது

தண்ணீர் அமுங்காது, ராடுதான் வளையும். நாசில்களை எல்லாம் கழற்றிய பின் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். துளைக்கு நேரே முகத்தை நீட்டாதீர்கள்.

கடல் நீர் வால்வைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து கொண்டிருப்பது

டீசல் லைனில் காற்றுப் பிடித்த இன்ஜினை விடாமல் செல்ப் அடிக்கும்போது, கடல் நீர்ப் பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. அதை வெளியேற்றும் புகையின் வேகமோ இல்லை. வால்வை மூடிவிட்டுச் செல்ப் அடியுங்கள். இன்ஜின் பிடித்த கணமே திறந்துவிடுங்கள், இல்லையேல் இம்பெல்லர் ரப்பர் கருகிவிடும்.

நாக்கில் வைத்துப் பார்ப்பது

வேண்டாம், கூலன்ட் விஷம். ஒரு துளியைத் தகட்டில் காயவைத்தால் உப்புப் படியும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஊர் போர்த் தண்ணீரும் வெள்ளையாகப் படியும் என்பதால், சிலிண்டர் நீர், டேங்க் நீர், கடல் நீர் மூன்றையும் ஒரே தகட்டில் பக்கம் பக்கமாகக் காயவைத்து ஒப்பிட வேண்டும்.

ஆயில் வெளுத்தால் சிலிண்டரையே சந்தேகிப்பது

ஆயில் கூலர் ஓட்டையானாலும், லைனரின் ரப்பர் வளையமான ஓ-ரிங் இற்றாலும், சிலிண்டரைத் தொடாமலேயே தண்ணீர் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குப் போய்விடும்.

மேல்நோக்கிய புகைக்குழாயைத் திறந்து போடுவது

மழைக்கு ஒரு தகரடப்பாவைக் கவிழ்த்தால் போதும்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவது

உப்பு நீர் பட்ட சிலிண்டர் ஓரிரவிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். பட்டறைக்கு அனுப்பத் தாமதமானால், தண்ணீரை வெளியேற்றிய பின் ஒவ்வொரு நாசில் துளையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, கையால் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, துளைகளைத் துணியால் அடைத்து அனுப்புங்கள். கடல் நீர் புகையோடு சேரும் எக்ஸாஸ்ட் எல்போவையும் கையோடு கழற்றி அதே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.