வெள்ளவத்தை அறையில் ஒரு ஹார்ட் றொக் சிங்கிள்: பல்லவியில் தொடங்குங்கள்

அமெரிக்க றொக் பாடகி ஜோன் ஜெட்டை உலகம் அறிந்தது 'ஐ லவ் றொக் அண்ட் றோல்' பாட்டால். அது அவர் எழுதியதல்ல. 1975இல் 'ஏரோஸ்' என்ற லண்டன் குழு வெளியிட்டது. ஜெட் 1979இல் ஒரு தடவை பதிவுசெய்தார், பெரிதாக எடுபடவில்லை. பிறகு தன் குழுவோடு மறுபடி பாடிய பதிப்புத்தான் 1982இல் அமெரிக்கப் பட்டியலில் 7 கிழமை முதலிடத்தில் நின்றது. பல்லவி பழையது, பாடிய விதமும் பதிவும்தான் புதியவை. முதல் சிங்கிளுக்கு (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டுக்கு) ஸ்டூடியோவும் விலை கூடிய கிற்றாரும் வேண்டுமென்று யோசிக்கிறவர்கள் முதலில் நாலு பார் (ஒரு பார் என்பது நாலு தாள அடி) பல்லவியையும் அதைத் தாங்கும் குரலையும் சரிசெய்யட்டும். மற்றதெல்லாம் அதற்கு வழிவிடுகிற வேலை.

வேகத்தை நிமிடத்துக்கு 120 அடி என்று வையுங்கள். ஒரு அடி அரை விநாடி, ஒரு பார் 2 விநாடி, பல்லவி 8 விநாடி. இரண்டு தரம் பாடினால் 16. முழுப் பாட்டு மூன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பல்லவி 45 விநாடிக்குள் வந்துவிட வேண்டும்.

தமிழில் றொக் எழுதும்போது அதிகம் பிழைப்பது இங்கேதான். ஆங்கிலப் பாட்டின் மெட்டை மனதில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லைத் திணித்தால் குறில் நெடிலாகிவிடும். 'விடு' என்று கத்த நினைத்து முதல் எழுத்தை இழுத்தால் கேட்பவருக்கு 'வீடு'. 'படு' 'பாடு' ஆகும், 'கல்' 'கால்' ஆகும். நீளமாகப் பிடிக்க வேண்டிய சுரத்தில் நெடிலையே வையுங்கள். அதுவும் 'ஆ' என்றால் தாடை தானாகத் திறக்கும், உச்சத்தில் குரல் நெரியாது. 'தீ' மாதிரி 'ஈ' உச்சத்தில் இறுகும். வாயைக் கொஞ்சம் திறந்து 'தே'க்குப் பக்கமாகப் பாடினால் கேட்பவருக்கு 'தீ' என்றே விழும். வரி முடிவில் 'தட்டு', 'காற்று' போன்ற குற்றியலுகரச் சொல்லைப் போட்டு அதை இழுக்கப் பார்க்காதீர்கள். அந்த உகரத்துக்கு அரை மாத்திரைதான். இழுத்தால் பகிடியாக இருக்கும். முடிவுக்கு 'வா', 'போ', 'நான்' மாதிரிச் சொற்கள் கைகொடுக்கும்.

எங்களுக்கு உள்ள பெரிய வசதி வல்லின இரட்டிப்பு. 'ட்ட', 'க்க', 'ப்ப' என்று நாக்கோ உதடோ ஒட்டும்போது மூச்சு ஒரு கணம் நிற்கும். அது விடுபடும் நேரம் 2ஆம், 4ஆம் அடியில் ஸ்னேர் (சட்டென்று வெடிக்கும் ட்றம்) விழுந்தால் பாடகரே ட்றம்ஸ் அடிப்பது போல இருக்கும். இந்த நாலு பாரை மேசையில் தட்டிப் பாருங்கள்:

தட் – டு – தட் – டு
கத – வைத் – தட் – டு
திறக் – கும் – வரைக் – கும்
நிப் – பேன் – நான் – (பிடி)

கோடு பிரிக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடி. 'டு', 'கும்', 'பேன்' எல்லாம் ஸ்னேரில் இறங்குகின்றன. கடைசி 'நான்' மட்டும் ஒரு விநாடி நிற்கிறது, அதுவும் 'ஆ'வில். இதே வரியை 'நான் நிற்பேன்' என்று திருப்பினால் அடி சரியாக இருந்தும் பாட்டு செத்துவிடும்: அந்த 'ஆ' முன்னுக்குப் போய்விடுகிறது, பிடிக்க வேண்டிய இடத்தில் 'பேன்' நிற்கிறது. எழுத்துத் தமிழ் 'நிற்பேன்'. கத்துகிற வாய்க்கு 'நிப்பேன்'. இதில் இலக்கணம் பார்க்காதீர்கள்.

இனி சுருதி. கிற்றார்காரர் 'ஈ' (E) சுருதியில் றிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிற்றார்த் துண்டு) வாசிக்க விரும்புவார்; திறந்த ஆறாவது கம்பி அது, கையிலும் லேசு. கர்நாடக சங்கீதம் பழகியவருக்கு அது 3 கட்டை. ஆனால் சுருதியை முடிவுசெய்ய வேண்டியது கிற்றார் அல்ல. பாடகர் முழுக் குரலில் ஐந்து தரம் உடையாமல் தொடக்கூடிய உச்ச சுரத்தைக் கண்டுபிடியுங்கள். பல்லவியின் உச்சம் அதற்கு ஒரு முழுச் சுரம் கீழே இருக்கட்டும். பதிவில் பல்லவியை முப்பது தடவையாவது பாட வேண்டிவரும், அதற்குத்தான் இந்த இடைவெளி. றிஃப் 'ஈ'யில்தான் நன்றாக இருக்கிறது, குரல் எட்டவில்லை என்றால் எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் இறக்குங்கள். 10–46 தடிப்புக் கம்பி அதைத் தாங்கும். முழுச் சுரம் இறக்கினால் 11இல் தொடங்கும் செற் போடுங்கள், இல்லாவிட்டால் கம்பி தளர்ந்து அடிக்கும் கணத்தில் சுருதி மேலே ஏறும். கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிப்பதால் பதிவுக்கு முதல் நாள் புதுக் கம்பி போட்டு நன்றாக இழுத்துப் பழக்கிவிடுங்கள்.

கரகரப்பு என்பது தொண்டையை நெரிப்பதல்ல. முதலில் அதே வரி சுத்தமான குரலில் சுருதி பிசகாமல் வர வேண்டும். பிறகு குரல் நாண்களுக்கு மேலே உள்ள போலி நாண்களை லேசாக நெருக்கி உறுமலைச் சேர்க்கிறீர்கள். பாரம் தூக்கும்போது வரும் முனகல் மாதிரி ஓர் உணர்வு அது. சத்தம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மைக் அதைப் பெரிதாக்கும். தொண்டையில் அரிப்போ நோவோ வந்தால் அந்த நாள் முடிந்தது. தொடக்கத்தில் நாளுக்கு 20 நிமிடக் கரகரப்புப் போதும். மறுநாள் காலை குரல் அடைத்திருந்தால் முறை பிழை. மூன்று கிழமை தாண்டியும் அடைப்புப் போகாவிட்டால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போங்கள்.

பாட முன்னர் ஒரு கிளாஸில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ரோவை 2–3 சென்ரிமீற்றர் அமிழ்த்தி, குமிழி வர 5 நிமிடம் ஊதியபடி சுரம் ஏற்றி இறக்குங்கள். கொத்து ரொட்டியை ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே மைக்குக்கு வரக் கூடாது. இரண்டரை, மூன்று மணித்தியால இடைவெளி விடுங்கள். இஞ்சிப் பிளேன்ரீ மனதுக்கு நல்லது. குரல் நாணை அது தொடுவதே இல்லை, உணவுக் குழாயால் போகிறது. நாணுக்கு ஈரம் வேண்டுமென்றால் காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கொழும்பில் பதிவு என்றாலே சத்தத்தோடு சண்டைதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு புறம் காலி வீதி, மறுபுறம் கரையோர ரயில். கடைசி ரயில் போன பிறகு பதிவுசெய்யலாம், ஆனால் அந்த நேரம் கத்தினால் மேல்வீட்டுக்காரர் வருவார். ஞாயிறு பிற்பகல் ஓரளவு சமரசமான நேரம். ரயில் நேரத்தைக் குறித்துவைத்து இடையில் பாடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். அதன் காற்று மைக்கில் 'படபட' என்று விழும், கொம்பிரசர் (சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவி) போட்ட பிறகுதான் அது தெரியவரும்.

இந்தச் சூழலுக்குக் கண்டென்சர் மைக் வேண்டாம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்து எடுக்கும். ஷூர் எஸ்.எம். 58 அல்லது 57 போன்ற டைனமிக் மைக் போதும். எஸ்.எம். 7பி நல்லது, ஆனால் 60 டெசிபெல் அளவுக்கு கெயின் (மைக்கின் சத்தத்தை ஏற்றிக் கொடுத்தல்) கேட்கும். மலிவான இன்ரஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில்) அவ்வளவு ஏற்றினால் இரைச்சல் வரும். பாடகரின் முதுகுக்குப் பின்னால் உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஒரு மெத்தையை நிமிர்த்துங்கள். மைக் பார்ப்பது பாடகரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான், அதனால் மூட வேண்டியது அந்தச் சுவரை. முட்டைத் தட்டு ஒட்டுவது வீண் வேலை. அறையின் பூம் சத்தம் அப்படியே இருக்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் 10–15 சென்ரிமீற்றர், நடுவில் பொப் ஃபில்ற்றர் ('ப' சொல்லும்போது வரும் காற்றைத் தடுக்கும் வலை). பல்லவியில் 25–30க்குப் பின்வாங்குங்கள். பதிவு 24 பிற், 48 கிலோஹெர்ட்ஸில். சராசரி அளவு மைனஸ் 18 டெசிபெல் சுற்றி, உச்சம் மைனஸ் 8ஐத் தாண்டாமல். பாடகருக்குத் தன் குரல் பிந்திக் கேட்டால் மென்பொருளின் பஃபரை (ஒலியைத் தேக்கிவைக்கும் அளவை) 128க்கு இறக்குங்கள். பல்லவியை ஐந்தாறு தரம் எடுத்து நல்ல சொற்களைப் பொறுக்கிச் சேருங்கள், பிறகு அதன் மேல் இன்னொரு குரலை இரட்டிப்பாகப் பாடுங்கள். 'தட்டு தட்டு'வுக்கு நாலு பேரை மைக்கிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிறுத்திக் கத்தவிட்டால் கூட்டம் வந்துவிடும். ஓட்டோ ரியூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளைக் கரகரப்புக் குரலில் நம்பாதீர்கள், சுரத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறும். பிசகினால் மறுபடி பாடுவதே குறுக்குவழி.

கிற்றாரில் டிஸ்டோர்ஷனை நீங்கள் விரும்பும் அளவிலிருந்து கால் பங்கு குறையுங்கள். ஒரே றிஃபை இரண்டு தரம் வாசித்து இடம், வலம் என்று பிரியுங்கள். ஒரு பதிவைக் கொப்பி பண்ணி இருபுறமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம் மட்டும் கூடும். 'ம்ம்ம்' என்று 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் லப்டொப் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பல வேளை அங்கேயே தீரும். அதற்காக அம்பிளிஃபயர் பிளக்கின் ஏர்த் பின்னை உடைக்கவோ இரண்டு பின் அடப்ற்றர் போடவோ கூடாது; 230 வோல்ற், கிற்றார் கம்பி கையில், உதடு மைக்கில். ட்றம்ஸ் தொடர்மாடியில் நடக்காத காரியம். புரோகிராம் செய்து, ஸ்னேரை 5–10 மில்லிசெக்கன் பிந்தவிட்டால் பாரம் கூடும்.

மிக்ஸில் குரலுக்கு 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டு, 300 சுற்றி 2–3 டெசிபெல் குறைப்பு. கொம்பிரசர் 4க்கு 1, அற்றாக் (அது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 10–15 மில்லிசெக்கன். அதைவிட வேகமாக வைத்தால் நீங்கள் பாடுபட்டு ஸ்னேரில் இறக்கிய 'ட்ட', 'க்க' மழுங்கிவிடும். கிற்றார்களில் 2–3 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 2 டெசிபெல் இறக்கினால் சொல் விளங்கும். 100 மில்லிசெக்கன் அளவில் ஒரு குறுகிய டிலே (எதிரொலி) போதும். ரிவேர்பைக் கொட்டினால் பாட்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விடும். சோதிக்க ஹெட்ஃபோன் போதாது. தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பின்சீற்றில் இருந்து கேளுங்கள். காலி வீதி இரைச்சலுக்கு மேலே 'திறக்கும் வரைக்கும்' விளங்கினால் குரல் சரியான அளவில் இருக்கிறது. பேஸ் மட்டும் அதிர்ந்தால் திரும்பிப் போங்கள்.

ஸ்பொட்டிஃபை சத்தத்தை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குச் சமப்படுத்துகிறது, ஆகவே நசுக்கி நசுக்கி ஏற்றுவதில் இலாபமில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லில் நிற்கட்டும். விநியோகத் தளத்துக்கு வெளியீட்டுக்கு 3–4 கிழமை முன்னரே ஏற்றுங்கள். ஸ்பொட்டிஃபையின் ஆசிரியர் குழு பிளேலிஸ்ற்றுக்குப் பரிசீலிக்கக் குறைந்தது 7 நாள் முன்னர் விண்ணப்பிக்க வேண்டும். வேறொருவரின் பாட்டைப் பாடுவதென்றால் அனுமதி முதலில். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 70 வருடமும் உரிமை உண்டு. வானொலிக்கு அனுப்பும் பிரதியில் முன்னிசையை 10 விநாடிக்குள் வெட்டி, குரலில்லாத ஒரு பிரதியையும் கூட வையுங்கள். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் பின்னால் ஓடவிட அது தேவைப்படும்.