உண்ணி மருந்தை முதுகில் ஊற்றும் முன்

வேலூர் பக்கம் பொய்கை செவ்வாய்ச் சந்தையில் மாடு பிடிப்பவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், மடியைப் பார்ப்பார்கள். நான் முதலில் காது மடலைப் புரட்டுவேன். அப்புறம் வால் அடி, மடி இடுக்கு. ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல ஊதிய உண்ணி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஜெர்சி கலப்பினப் பசுக்களைப் படுக்கவைக்கும் தைலேரியா, பபீசியா காய்ச்சல்களைக் கொண்டுவருவதும் உண்ணிதான்.

முதுகில் ஊற்றும் மருந்து வேலையைச் சுலபமாக்கும். ஆனால் மருந்துக் கடையில் கேட்கும்போது கவனம் வேண்டும். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் கரைசல்கள் தண்ணீரில் கலந்து தெளிப்பதற்கு விற்கப்படுகின்றன. அவற்றை அப்படியே முதுகில் ஊற்றவே கூடாது. பயிருக்கு அடிக்கும் மருந்து பக்கமே போகாதீர்கள். சினை மாடா, கறவை மாடா என்று டாக்டரிடம் சொல்லி வாங்குங்கள். ஐவர்மெக்டின் என்ற மருந்து கறவைக்கு ஆகாது.

அடுத்தது எடை. கண்மதிப்பு வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து வால் அடியில் துருத்தும் பிட்ட எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட கிலோ வரும். சுற்றளவு 66, நீளம் 54 என்றால் சுமார் 356 கிலோ. முதுகில் ஊற்றும் 1 சதவீத ஃப்ளூமெத்ரின் மருந்துக்கு 10 கிலோ எடைக்கு 1 மில்லி கணக்கு. ஆக 36 மில்லி. வேறு மருந்தானால் லேபிளில் உள்ள அளவுதான். காசை மிச்சம் பிடிக்கக் குறைத்து ஊற்றினால் பிழைத்த உண்ணி மருந்துக்குப் பழகிவிடும். கூட்டினால் மாட்டுக்கே ஆபத்து.

வேலூர் வெயிலில் மதியம் இந்த வேலை வேண்டவே வேண்டாம். காலையிலோ சாயங்காலமோ, பால் கறந்த பிறகு, காய்ந்த முதுகில் ஊற்றுங்கள். சாணம் காய்ந்து படிந்திருந்தால் முதல் நாளே கழுவிவிடுங்கள். புண் இருக்கும் இடத்தைத் தவிர்த்து, திமில் பக்கத்திலிருந்து வால் அடி வரை நடு முதுகில் மெல்லிய கோடாக ஊற்றினால் போதும். தோலின் எண்ணெய்ப் பசையோடு உடம்பெல்லாம் பரவும். மழை வரும்போல இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். தோலில் பட்டால் குறுகுறுவென்று எரியும். உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாடு எச்சில் ஒழுக்கினாலோ நடுங்கினாலோ முதுகைச் சோப்புத் தண்ணீரால் கழுவியபடியே டாக்டரைக் கூப்பிடுங்கள். பூனைக்கும் மீனுக்கும் இந்த வகை மருந்துகள் விஷம். அளவுக் கோப்பையை ஏரியிலோ பாலாற்றிலோ அலசாதீர்கள். பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருந்தால் அத்தனை நாளும் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. குழந்தைகள் குடிக்கும் பால் அது.

மாட்டின் மேல் ஊற்றிய மருந்து சுவருக்குப் போகாது. நிரம்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கொட்டகையின் விரிசல்களை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரே கொட்டகையில் கட்டும் எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் ஊற்றுங்கள். கன்றுக்கு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.