ஜி.பி.எஸ். தொழிலில் கூட்டு சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து இரண்டு தம்பிகள் காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கும் என் கடைக்கு வந்தார்கள். வண்டிகளுக்கு ஜி.பி.எஸ். மாட்டும் தொழிலில் இறங்கப்போகிறார்கள். வெளியூர்க் கம்பெனி ஒன்றோடு டை-அப். "டிவைஸ் அவங்க, சர்வர் அவங்க, சிம்மும் அவங்களே தர்றாங்கண்ணே. நாங்க மாட்டி விட்டுட்டு வருசா வருசம் ரினீவல் வாங்கினாப் போதும்" என்றார் ஒருவர். முகமெல்லாம் சந்தோஷம். 2019-இல் இதே வார்த்தைகளை நான் என் அப்பாவிடம் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். முத்திரைத்தாளில் எழுது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

சிம்மும் சர்வர் முகவரியும் கூட்டாளி கையில்

டிவைஸ் தான் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சிக்னலை வைத்துக் கணக்கிட்டு, உள்ளே இருக்கும் சிம் வழியாக ஒரு சர்வர் முகவரிக்கு அனுப்புகிறது. அந்த முகவரியை பாஸ்வேர்டு சேர்த்த ஓர் எஸ்.எம்.எஸ். கட்டளையால் மாற்றலாம். சாதாரண சிம் என்றால் கடையில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். இப்போது வருவது 13 இலக்க எண் கொண்ட எம்2எம் சிம், அதாவது மனிதர் பேசுவதற்கல்லாமல் கருவிகளுக்கென்றே தரும் சிம். முன்கூட்டியே பதிந்து வைத்த எண்களிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். மட்டும்தான் அதற்குள் போகும். சிம் கூட்டாளி பெயரில் இருந்தால் பாஸ்வேர்டு தெரிந்தும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

2022-இல் என் கூட்டாளிக் கம்பெனி வருடக் கட்டணத்தை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கியது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் 186 வண்டிகளும் திரையிலிருந்து மறைந்தன. புதுவயல் அரிசி ஆலை லாரிகள், கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பள்ளி வேன்கள், கானாடுகாத்தானுக்கு வீடு பார்க்க வருகிறவர்களை ஏற்றி வரும் கார்கள், எல்லாமே. வேன் எங்கே வருகிறது என்று தாய்மார்கள் பள்ளிக்குப் போன் செய்ய, பள்ளியிலிருந்து எனக்கு வந்தது.

வண்டி வண்டியாகத் தேடிப் போனோம். டேஷ்போர்டைக் கழற்றி, புது சிம் போட்டு, கேபிளில் லேப்டாப்பை இணைத்து முகவரியை மாற்றினோம். லாரிகள் ஊரில் நிற்பதில்லை. ஒன்றைப் பிடிக்க விஜயவாடா வரை ஆள் அனுப்பினேன். சிம் சர்க்யூட் போர்டிலேயே ஒட்டி வந்த டிவைஸ்களில் கை வைக்கவே முடியவில்லை. என் காசில் புதிது வாங்கி மாட்டினேன். ஐந்து மாதம் ஓடியது. அதற்குள் 40 வண்டிக்காரர்களுக்கு மேல் அந்தக் கம்பெனி நேரடியாகவே பேசித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அவர்களுடைய போன் எண்களை அந்த ஆப்பில் பதிந்து கொடுத்தது நான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ரங்கூனில் கடை நடத்திய நம் ஊர்க்காரர்கள் ஏஜெண்டை மூன்று வருடக் கணக்கில் அனுப்பினார்கள். கடை கடல் கடந்து இருந்தாலும் கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு நான் பேரேட்டையே அடுத்தவரிடம் விட்டிருந்தேன்.

இப்போது நான் செய்வது இது. சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (இணைய முகவரிக்கான பெயர்) வாங்கி வைத்திருக்கிறேன். டிவைஸில் கூட்டாளி சர்வரின் ஐ.பி. எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரைத்தான் பதிவோம். பெயரை அவருடைய சர்வர் பக்கம் திருப்பி வைத்தால் வேலை வழக்கம்போல நடக்கும். பிரிய நேர்ந்தால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும், வண்டிகள் புது சர்வருக்கு வந்துவிடும். டிவைஸ் தகவலை எந்த வடிவத்தில் அனுப்புகிறது என்று சொல்லும் புரோட்டோகால் ஆவணத்தையும் தொடக்கத்திலேயே வாங்கிவிட வேண்டும். அது இல்லாவிட்டால், வந்து சேரும் தகவல் புது சர்வருக்குப் புரியாது. சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். முடியாவிட்டால், அனுமதித்த எண்களில் உங்கள் எண்ணும் இருக்க வேண்டும். வண்டிக்காரர் பட்டியலும் பழைய ஓட்டப் பதிவும் மாதம் ஒரு முறை உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட வேண்டும்.

2ஜி மட்டும் உள்ள டிவைஸ்

சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்டிக்கரை நம்புவது

2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பஸ், டாக்சி போன்ற பயணிகள் வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 140 என்ற அரசுத் தரத்துக்கு உட்பட்ட டிவைஸும் அவசர பட்டனும் கட்டாயம், ஆட்டோவுக்கு விலக்கு. புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனங்கள் சோதித்து, மாடல் வாரியாகச் சான்று தருகின்றன. "உங்க பிராண்டு பேர்லயே போட்டுத் தர்றோம்" என்று கூட்டாளி சொன்னால், பெட்டிக்குள் இருக்கும் அதே மாடலுக்கான சான்றிதழைக் கேளுங்கள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று சோதனைக்கு) வண்டியை நிறுத்திய அன்று குட்டு வெளிப்பட்டால், வண்டிக்காரர் உங்கள் கடை வாசலுக்குத்தான் வருவார், கம்பெனியைத் தேடிப் போகமாட்டார்.

ஏரியாவை மாவட்டக் கணக்கில் எழுதுவது

செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் கிடக்கிறது. டி.என். 63 வண்டியும் டி.என். 55 வண்டியும் ஒரே ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கும். ஒப்பந்தத்தில் உங்களுக்கென்று ஒதுக்கும் ஏரியாவை ஊர் ஊராகப் பெயர் போட்டு எழுதுங்கள்.

பிரிவைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது

நல்ல காரியம் தொடங்கும்போது எதற்கு அந்தப் பேச்சு என்று தம்பிகளும் தயங்கினார்கள். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் நானே பேனா எடுத்து எழுதினேன்: எந்தத் தரப்பு விலகினாலும் 90 நாள் சர்வர் ஓட வேண்டும், அந்த நாட்களுக்குள் எல்லா சிம்மும் தம்பிகள் பெயருக்கு மாற்றித் தரப்பட வேண்டும். கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் ஒரு முறை காட்டச் சொல்லியிருக்கிறேன்.