மீட்டெடுத்த தரவுத்தளத்தில் அகப்படாத பெயர்கள்
எங்கள் நிறுவனத்தின் போஸ்ட்கிரஸ் தரவுத்தளக் கோப்புகளின் காப்பு நகலைப் பேரிடர் மீட்பு ஒத்திகைக்காகக் கிளவுட் சர்வரில் மீட்டபோது, எந்தப் பிழைச் செய்தியும் வராமலே, சில வாடிக்கையாளர்களின் பெயர்கள் மட்டும் தேடலில் அகப்படவில்லை. நகல் சிதைந்திருக்குமோ என்று மறுபடி இறக்கினேன். கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் பொருந்தியது, பதிவுகளின் எண்ணிக்கையும் குறையவில்லை. வாடிக்கையாளர் எண்ணைக் கொண்டு தேடினால் கிடைத்த அதே நபர், பெயரைக் கொண்டு தேடினால் கிடைக்காததுதான் துப்பு. பழைய சர்வரில் இருந்த லினக்ஸ் இயங்குதளம் டெபியன் 9, கிளவுடில் டெபியன் 10. இடையில் வந்த, லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு எழுத்துகளை அடுக்கும் முறையை மாற்றிவிட்டதால், பழைய முறைப்படி கட்டப்பட்ட எழுத்துவகை இன்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்கள்) மட்டும் பொய்த்துப்போயிருந்தன. இன்டெக்ஸ்களைச் சோதிக்கும் போஸ்ட்கிரஸின் ஆம்செக் நீட்சி அதை உறுதிசெய்தது. இன்டெக்ஸ்களை மறுபடி கட்டும் ரீஇன்டெக்ஸ் கட்டளை கொடுத்ததும் எல்லாப் பெயர்களும் கிடைத்தன, பெரும் நிம்மதி. கோப்புகளை அப்படியே நகலெடுக்காமல், தரவை மட்டும் கட்டளைகளாக எழுதித்தரும் பிஜிடம்ப் கருவி வழியாக எடுத்த நகலாக இருந்திருந்தால், மீட்கும்போதே இன்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்பட்டிருக்கும்.